மகா பீட்டரின் ரஷ்யாவில் மதச் சுதந்திரம் யாருக்கு இருந்தது?

மழைக்குருவி:

வணக்கம். ரஷ்ய வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மகா பீட்டரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் கட்டும் வேலையைத் தன் கையாலேயே கற்றுக்கொள்ள ஹாலந்துக்குப் போன ராஜா என்றுதான் பள்ளிப் பாடத்தில் எனக்கு அறிமுகம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம், கடற்படை, முதல் செய்தித்தாள், அறிவியல் அகாதமி எல்லாம் அவர் காலத்து வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது இரண்டு ஆணைகளை அடுத்தடுத்துப் படித்துவிட்டுக் குழம்பிப் போயிருக்கிறேன். 1702 ஏப்ரலில் ஒரு பிரகடனம் வெளியிடுகிறார். மனிதர்களின் மனசாட்சியைக் கட்டாயப்படுத்தும் எண்ணம் தனக்கு இல்லை, அவரவர் ஆன்ம மீட்பு அவரவர் பொறுப்பு என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. ஐரோப்பாவிலேயே அந்தக் காலத்தில் இப்படிப் பேசிய அரசர்கள் குறைவு. இருபது வருஷம் கழித்து, 1722 மே மாதம், அதே ஆளின் ஆட்சியில் வேறொரு ஆணை வருகிறது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாதிரியாரிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கில், யாராவது அரசருக்கு எதிரான எண்ணத்தைச் சொல்லி, அதைக் கைவிடவும் மனமில்லாமல் இருந்தால், பாதிரியார் அதைப் போய் அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது அந்த இடத்தை விட்டு வெளியே போகாது என்பது எங்களுக்குப் பால்குடி வயதிலிருந்து தெரிந்த விஷயம். அதனால் இந்த ஆணை என்னை ரொம்பவே பாதித்துவிட்டது. என் கேள்வி இதுதான்: பீட்டர் இடையில் மாறிவிட்டாரா? மகன் அலெக்ஸேய் விவகாரம்தான் காரணமா? அல்லது இந்த இரண்டு ஆணைகளும் ஒரே மனதிலிருந்து வந்தவையா?

கரிசல்:

இதில் குழம்ப ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். நாடு முழுக்கப் பழமையில் ஊறிக் கிடந்தது. தாடியை எடுக்கச் சொன்னால் சொர்க்கம் போய்விடும் என்று அழுதவர்கள் இருந்தார்கள். புத்தாண்டை ஜனவரி 1-க்கு மாற்றியதற்கே கடவுளின் நாளைத் திருடிவிட்டார் என்று முணுமுணுத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் கை ஓங்காமல் சீர்திருத்தம் செய்ய முடியுமா? மதத்தின் பேரால் எதிர்த்தவர்களை அடக்கினார். பிற மதத்தவரை வரவேற்றார். இரண்டும் ஒத்துப்போகிற விஷயங்கள்தான். மாற்றத்தை விரும்பிய யாரும் அவர் ஆட்சியில் கஷ்டப்பட்டதாக நான் படித்ததில்லை.

செப்புக்காசு:

மழைக்குருவி, நல்ல கேள்வி. நான் வரலாற்று ஆசிரியன் இல்லை, பழைய காசு சேர்ப்பவன். ரஷ்யச் செப்புக்காசுகள் பக்கம் போனதால்தான் பீட்டர் எனக்குப் பழக்கம். தெரிந்த வழியிலேயே வருகிறேன், காசிலிருந்து.

மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் இருக்கும் வரலாற்று அருங்காட்சியகத்தில் 1705-ம் வருடத் தாடி வில்லை ஒன்றை, அதாவது தாடி வரி கட்டியதற்கு அத்தாட்சியாகக் கொடுத்ததை, கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். செம்பில் செய்தது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகும் வருடமும். மறுபக்கம் முகமே இல்லை. ஒரு மூக்கு, மீசை, கீழே தாடி, அவ்வளவுதான். மேலே 'பணம் வாங்கப்பட்டது' என்ற எழுத்து. இணையத்தில் இது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள், சந்தையில் சுற்றுவதில் பெரும்பாலானவை பிற்காலத்து அச்சோ சுத்தப் போலியோதான்.

அந்த வருடம் பீட்டர் போட்ட தாடி வரி ஆணையின் கட்டணங்களைப் பாருங்கள். தாடி வைத்துக்கொள்ள விரும்பும் அரசவை ஆட்களும் அலுவலர்களும் வருடத்துக்கு 60 ரூபிள் கட்ட வேண்டும். முதல் தர வணிகர் என்றால் 100 ரூபிள். வண்டிக்காரர், வீட்டு வேலையாட்கள் போன்றவர்களுக்கு 30. குடியானவன் தன் கிராமத்தில் தாடியோடு இருக்கலாம், ஆனால் நகர வாசலைத் தாண்டி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தலைக்கு ஒரு கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு). அந்தக் காலத்தில் சாதாரணக் காலாட்படை வீரனின் வருடச் சம்பளமே சுமார் 11 ரூபிள்தான். ஒரு வண்டிக்காரன் 30 ரூபிளுக்கு எங்கே போவான்? பாதிரியார்களுக்கு மட்டும் விலக்கு.

கரிசல், உங்கள் கடைசி வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் தாடி. அது அந்த மக்களுக்கு வெறும் பழக்கம் இல்லை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன், அந்தச் சாயலைச் சிரைப்பது பாவம் என்று அவர்களுடைய திருச்சபையே முந்தைய தலைமுறை வரை கற்பித்தது. சவப்பெட்டியில் தன் தாடியைக் கூட வைத்துப் புதைக்கச் சொல்லும் அளவுக்கு நம்பிக்கை. ஆக அந்த வில்லை ஒரு மத அனுமதிச் சீட்டு. பணம் கட்டினால் நம்பிக்கை வைத்துக்கொள்ளலாம். பீட்டரின் மனம் இந்த ஒரு செம்புத் துண்டில் இருக்கிறது என்பது என் கட்சி. அவருக்கு எந்த மதத்தின் மேலும் தனிப்பட்ட வெறி கிடையாது. அந்த மனிதனால், அவன் நம்பிக்கையால், அரசுக்கு என்ன வரும் என்பதுதான் அவர் கணக்கு.

இப்போது 1702 பிரகடனத்தை மறுபடி எடுத்து, யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். வெளிநாட்டவரை. ஸ்வீடனுடன் போர் நடக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் நார்வாவில் படுதோல்வி, பீரங்கிகள் எல்லாம் போய்விட்டன, 1701-ல் தேவாலய மணிகளைக் கழற்றி உருக்கிப் பீரங்கி வார்க்க வேண்டிய நிலை. படை அதிகாரி வேண்டும், சுரங்க வல்லுநர் வேண்டும், கப்பல் தச்சர் வேண்டும். அவர்கள் லூத்தரன்கள், கால்வினிஸ்ட்டுகள் என்று புராட்டஸ்டன்ட் பிரிவினராக இருக்கிறார்கள். வாருங்கள், உங்கள் வழிபாட்டில் தலையிட மாட்டோம் என்கிறார். அதில் பொய் இல்லை, வந்தவர்கள் நிம்மதியாகவே வழிபட்டார்கள். ஆனால் அது அவர்களுக்கு மட்டும்.

ரஷ்யன் ஒருவன் அதே லூத்தரன் கருத்தைப் பேசினால்? இங்கேதான் கரிசலுக்கு என் பதில். மாஸ்கோவில் திமித்ரி த்வெரித்தினோவ் என்று ஒருவர். வெளிநாட்டவர் வாழ்ந்த ஜெர்மானியர் குடியிருப்பில் அங்குள்ள மருத்துவர்களிடம் வைத்தியம் கற்றவர், பைபிளைத் தானே வாசித்தவர். திருவுருவப் படங்களை வணங்குவதும் புனிதர்களின் எலும்பை வணங்குவதும் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பீட்டர் திறந்துவிட்ட ஜன்னல் வழியாக உள்ளே வந்த காற்றைச் சுவாசித்த ஆள் அவர், பழமைவாதி இல்லை. 1713-ல் அவர்மேலும் அவருடைய வட்டத்தின்மேலும் வழக்குப் பாய்ந்தது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஃபோமா இவானோவ், சவரத் தொழிலாளி, மடத்தில் காவலில் இருக்கும்போது ஆத்திரத்தில் ஒரு புனிதரின் படத்தைக் கத்தியால் வெட்டிவிட்டார். 1714 நவம்பரில் அவரைச் செஞ்சதுக்கத்தில் உயிரோடு எரித்தார்கள். நான் அந்த வில்லையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்ற அதே சதுக்கம். பீட்டர் இந்த வழக்கைச் சத்தமில்லாமல் முடிக்கத்தான் விரும்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். த்வெரித்தினோவ் தன் கருத்தை விட்டுக்கொடுத்துத் தப்பித்தார். ஆனாலும் சட்டம் எப்படி இருந்தது என்று பாருங்கள். லூத்தரன் தச்சருக்கு இருந்த உரிமை அந்த ரஷ்ய நாவிதருக்கு இல்லை.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. பழைய விசுவாசிகள் என்ற பிரிவினரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1650-களில் அப்போதைய திருச்சபைத் தலைவர் நிகோன் செய்த வழிபாட்டு மாற்றங்களை ஏற்காதவர்கள். இரண்டு விரலால் சிலுவை அடையாளம் போடுவதா, மூன்று விரலாலா என்பது வெளியே தெரிந்த சண்டை. பீட்டரின் அக்காள் சோஃபியா ஆட்சியில் 1685-ல் போட்ட சட்டம், பிடிவாதமாக நிற்பவர்களை எரிக்கச் சொன்னது. அவர்களில் ஒரு கூட்டம் வடக்கே கரேலியாவில் விக் ஆற்றங்கரைக் காட்டுக்குள் போய்க் குடியேறியது. 1702-ல் பீட்டரே அந்தப் பக்கமாக, வெள்ளைக் கடலிலிருந்து ஒனேகா ஏரிக்குக் காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டு கடந்து போனார். அவர்களைத் தொடவில்லை. 1705-ல் உடன்பாடு வந்தது. பக்கத்திலுள்ள போவெனெத்ஸ் இரும்பாலைக்கு வேலை செய்யுங்கள், உங்கள் பழைய புத்தகங்களின்படியே வழிபடுங்கள். இரும்பு அவருக்கு அவ்வளவு அவசியமாக இருந்தது.

அதே நம்பிக்கை, வேறு இடம். நிழ்னி நோவ்கோரோதில் பித்திரிம் என்ற ஆயர் இவர்களை ஒடுக்க முழு அதிகாரத்தோடு அனுப்பப்பட்டார். அங்கே 1720-ல் அலெக்சாந்தர் என்ற பழைய விசுவாசித் திருத்தொண்டர் தலை வெட்டப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. அங்கே அவர்களால் இரும்பு வரவில்லை.

இனி பாவசங்கீர்த்தனம். 1722-ல்தான் அது அரசாங்க வேலையானது என்று நினைக்காதீர்கள். 1716-லேயே எல்லோரும் வருடம் ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. வராதவர்களுக்கு அபராதம்: 1718 ஆணைப்படி நகரத்தாருக்கு முதல் முறை ஒரு ரூபிள், இரண்டாவது முறை இரண்டு, மூன்றாவது முறை மூன்று. கிராமத்தாருக்கு 5 கோபெக், 10, 15. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பாதிரியார் பட்டியல் எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஏன் என்றால், பழைய விசுவாசிகள் அரசாங்கப் பாதிரியாரிடம் வர மாட்டார்கள். வராதவர் பெயர் பட்டியலில் தெரியும். தெரிந்தால் இரட்டை வரி போடலாம். 1716-ல் அவர்களைப் பதிவு செய்து இரட்டை வரி கட்டச் சொன்ன ஆணையும் இதுவும் கைகோத்துத்தான் வந்தன. 1722-ல் அவர்கள் உடுத்தும் உடைக்கும் ஒரு விதி வந்தது, சிவப்புத் துணியில் விறைப்பான கழுத்துப்பட்டை வைத்த பழங்கால அங்கி. தெருவில் தூரத்திலிருந்து பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: அவர் மாறவில்லை. பாதிரியாரை வரிப் பட்டியல் எழுதுகிறவராகத்தான் அவர் முன்பே பார்த்தார். 1722-ல் ஒற்றர் வேலையையும் சேர்த்துக் கொடுத்தார். அலெக்ஸேய் விவகாரம் உடனடிக் காரணங்களில் ஒன்று, அது உண்மை. இளவரசர் தன் தந்தை சாக வேண்டும் என்று ஆசைப்பட்டதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். கடவுள் உன்னை மன்னிப்பார், நாங்கள் எல்லோரும் அதைத்தான் விரும்புகிறோம் என்று சொன்னார் அவருடைய ஆன்மிகத் தந்தை யாக்கோவ் இக்னாத்தியெவ். விசாரணையில் இது வெளியே வந்தது. அலெக்ஸேய் 1718 ஜூனில் கோட்டைச் சிறையில் செத்தார். அந்தப் பாதிரியாரை அதே வருடம் டிசம்பரில் கொன்றார்கள்.

இன்னொரு காரணம் 1722 மார்ச்சில் பென்சா நகரச் சந்தையில் நடந்தது. வர்லாம் லெவின் என்ற துறவி, முன்னாள் படை அதிகாரி, கூட்டத்தின் நடுவே பீட்டர்தான் அந்திக்கிறிஸ்து, அதாவது உலக முடிவில் வரும் கிறிஸ்துவின் எதிரி, என்று கத்தினார். மக்களுக்கு அடையாளம் குத்தப் போகிறார்கள் என்றும் எச்சரித்தார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. படைக்குப் பிடித்த ஆட்கள் ஓடிவிடாமல் இருக்க, 1712 முதல் அவர்கள் இடது கையில் சிலுவை வடிவத்தில் குத்தி, வெடிமருந்து தேய்த்தார்கள். அந்தக் கையைப் பார்த்தவருக்கு பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் சொன்ன மிருகத்தின் முத்திரை ஞாபகம் வராமல் இருக்குமா? லெவினை மாஸ்கோவுக்குக் கொண்டு வந்து விசாரித்தார்கள். தன் எண்ணத்தை முன்பே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருந்ததாகவும் பாதிரியார் தடுக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மே 17-ம் தேதி ஆணை இந்தச் சம்பவத்தையே உதாரணமாகக் காட்டுகிறது. ஜூலையில் அவரைக் கொன்று, தலையைப் பென்சாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

வடகோடி:

செப்புக்காசு சார், விவரமான பதிவு. ஆனால் தராசைக் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பீட்டர் காலத்து ஐரோப்பா எப்படி இருந்தது? பிரான்ஸில் பதினான்காம் லூயி 1685-ல், புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்த நாந்த் ஆணையை ரத்து செய்து, ஹியூகெனோக்கள் எனப்பட்ட அவர்களின் கோவில்களை இடித்தார், லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு அரசுப் பதவி கிடையாது. அந்தத் தரத்தில் வைத்துப் பார்த்தால், பணம் கட்டினால் உன் நம்பிக்கையோடு இரு என்று சொன்ன அரசர் மென்மையானவர் என்றே சொல்லலாம். 1685 சட்டப்படி எரிக்கப்பட வேண்டியவர்கள் 1716-க்குப் பிறகு வரி கட்டி உயிரோடு இருந்தார்கள் இல்லையா?

தனிமனித வாழ்க்கையிலும் அவர் சில கதவுகளைத் திறந்தார். 1702-லேயே திருமணத்துக்கு ஆறு வாரம் முன்பு நிச்சயம் நடக்க வேண்டும், மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும், பிடிக்காவிட்டால் விலகலாம் என்று விதி கொண்டுவந்தார். அந்தப்புரத்தில் அடைந்து கிடந்த மேல்குடிப் பெண்கள் 1718-க்குப் பிறகு பொது விருந்துகளுக்கு வந்தார்கள். ஸ்வீடிஷ் போர்க்கைதிகள் மதம் மாறாமலேயே ரஷ்யப் பெண்களை மணக்க 1721-ல் அனுமதி கிடைத்தது. இதையெல்லாம் விட்டுவிட்டுத் தலை வெட்டியதை மட்டும் பேசினால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

மழைக்குருவி:

இரண்டு பேருக்கும் நன்றி. வடகோடி சொல்லும் திருமண விதி எனக்குப் புதிது.

இன்னொரு சந்தேகம். திருச்சபை இதற்கெல்லாம் எப்படிச் சம்மதித்தது? கத்தோலிக்க உலகத்தில் ஒரு ராஜா இப்படி ஆணை போட்டால் ரோமிலிருந்து ஒரு குரலாவது வந்திருக்கும். ரஷ்ய ஆயர்கள் யாரும் முடியாது என்று சொல்லவில்லையா?

செப்புக்காசு:

வடகோடி சார் சொன்னதில் உண்மை இருக்கிறது, திருமண விதியை நானும் மதிக்கிறேன். எரிப்பதைவிட இரட்டை வரி மேல்தான். ஆனால் ஸ்வீடிஷ் கைதிகள் விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கைதிகளில் பலர் சைபீரியாவில் இருந்தார்கள், சுரங்கமும் தொழிலும் தெரிந்தவர்கள், அங்கேயே தங்க வைக்க வேண்டியிருந்தது. பிறக்கும் பிள்ளைகள் ஆர்த்தடாக்ஸ் முறையில்தான் வளர வேண்டும் என்பதும் நிபந்தனை. கசான், அஸோவ் மாகாணங்களில் இருந்த முஸ்லிம் நிலவுடைமையாளர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கிறிஸ்தவக் குடியானவர்களை வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் ஞானஸ்நானம் பெற வேண்டும், இல்லாவிட்டால் நிலமும் குடிகளும் பறிபோகும் என்று 1713-ல் ஆணை வந்தது. இதையும் அதே தராசில் வையுங்கள்.

மழைக்குருவி, உங்கள் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தின் மையம். முடியாது என்று சொல்லக்கூடிய ஆளை அவர் முன்பே இல்லாமல் ஆக்கிவிட்டார்.

பழைய ரஷ்யாவில் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தைக்கு ஒரு கடமை இருந்தது. தண்டிக்கப்பட்டவர்களுக்காக ஜாரிடம் போய் இரக்கம் கேட்பது. 1698-ல் கலகம் செய்த ஸ்திரெல்த்ஸி என்ற துப்பாக்கிப் படையினரைக் கும்பல் கும்பலாகச் சித்திரவதை செய்து கொன்றுகொண்டிருந்தபோது, முதுபெரும் தந்தை அத்ரியான் தேவமாதாவின் திருவுருவப் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அது நடந்துகொண்டிருந்த பிரெயோபிரழென்ஸ்கோயெ கிராமத்துக்கே போனார். பீட்டர் கோபத்தோடு திருப்பி அனுப்பினார். படத்தை அதன் இடத்தில் கொண்டு போய் வை, கெட்டவர்களைத் தண்டிப்பதும் கடவுளுக்குச் செய்யும் சேவைதான் என்ற தோரணையில் பதில். 1700-ல் அத்ரியான் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கவே விடவில்லை. ஸ்தெஃபான் யவோர்ஸ்கி தற்காலிகப் பொறுப்பாளராக உட்கார்ந்தார், அந்தத் 'தற்காலிகம்' இருபது வருடம் நீண்டது.

1701-ல் மடங்களின் சொத்தும் வருமானமும் ஓர் அரசுத் துறையின் கைக்குப் போயின. அதே நேரத்தில் வந்த ஒரு விதி எனக்கு மறக்கவே மறக்காது. துறவிகள் தங்கள் அறையில் மையும் காகிதமும் வைத்திருக்கக் கூடாது. எழுத வேண்டுமானால் பொது உணவுக்கூடத்தில், குறிப்பிட்ட இடத்தில், மேலிடத்து அனுமதியோடு உட்கார்ந்து எழுதலாம். நூற்றாண்டுக் கணக்கில் ரஷ்யாவின் வரலாற்றையே எழுதிவைத்தவர்கள் துறவிகள்தானே. முந்தின வருடம் தலீத்ஸ்கி என்ற பிரதி எழுத்தாளர் பீட்டரை அந்திக்கிறிஸ்து என்று எழுதி, பரப்ப முயன்று பிடிபட்டிருந்தார். அந்தப் பயம் இந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு 1718 ஆகஸ்டில் அதே தடை எல்லோருக்குமாக விரிந்தது. திருச்சபைப் போதகர்கள் தவிர வேறு யாரும் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் அறிந்தும் சொல்லாமல் விட்டு, பின்னால் அதிலிருந்து கெட்ட காகிதம் ஏதாவது வெளியே வந்தால் அவருக்கும் அதே தண்டனை. அச்சகத்தை ஒடுக்கிய அரசர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒரு மனிதன் தன் அறைக்குள் பேனா பிடிப்பதையே குற்றமாக்கியவர் எனக்குத் தெரிந்து இவர்தான். 1703-ல் ரஷ்யாவின் முதல் செய்தித்தாளைத் தொடங்கிய அதே கை.

1721-ல் முதுபெரும் தந்தைப் பதவியே ஒழிந்தது. ஃபியோஃபான் புரோகோப்பொவிச் என்ற ஆயர் எழுதிக் கொடுத்த ஆன்மிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அந்த இடத்தில் புனித சினட் என்ற குழு வந்தது. ஏன் ஒரே தலைவர் கூடாது என்பதற்கு அந்தச் சட்டமே காரணம் சொல்கிறது. சாதாரண மக்கள் அவரைப் பார்த்துவிட்டு, ஜாருக்கு இணையான, அல்லது மேலான இன்னொரு அரசர் என்று நினைத்துவிடுவார்களாம். அடுத்த வருடம் சினட்டைக் கண்காணிக்கத் தலைமை வழக்குரைஞர் பதவியை உண்டாக்கி, இவான் போல்தின் என்ற படைக் கர்னலை அமர்த்தினார். நீங்கள் கேட்ட பாவசங்கீர்த்தன ஆணையை வெளியிட்டது போலீஸ் இல்லை, இந்தச் சினட்தான். ஆயர்கள் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துத்தான் அதில் உட்கார முடியும்.

பாதிரியார்கள் நடைமுறையில் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. ஆர்த்தடாக்ஸ் முறையில் நம் கத்தோலிக்கக் கோவில்களில் உள்ளதுபோலக் கம்பித் தடுப்பு கிடையாது. சிலுவையும் நற்செய்திப் புத்தகமும் வைத்த சாய்மேசை முன்னால் இருவரும் நிற்பார்கள், முடிவில் பாதிரியார் தன் தோள்பட்டைத் துணியை எதிரில் இருப்பவர் தலைமேல் போர்த்தி மன்னிப்பு சொல்வார். முகத்துக்கு முகம். அதுவும் கிராமத்துப் பாதிரியார், எதிரே நிற்பவனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அவன் கொடுக்கும் தானியத்தில் சாப்பிடுகிறவர். பழைய விசுவாசிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, வந்து போனார்கள் என்று பட்டியலில் எழுதிக் கொடுத்த பாதிரியார்கள் ஏராளம். அதற்கும் அபராதம், பதவிப் பறிப்பு எல்லாம் இருந்தன. பட்டியல் அதிகாரிகள் எதிர்பார்த்தபடி சுத்தமாக வரவே இல்லை.

வெளிப்படையாக முடியாது என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் ஆயர்கள் இல்லை. 1722 பிப்ரவரியில் பீட்டர் அரியணை வாரிசுச் சட்டத்தை மாற்றினார். ஆட்சியில் இருப்பவர் விரும்பியவரை வாரிசாக்கலாம், இன்னும் பெயர் அறிவிக்காத அந்த வாரிசுக்கு மக்கள் இப்போதே சத்தியம் செய்ய வேண்டும். சைபீரியாவில் தாரா என்ற ஊர்க்காரர்கள் பெரும் எண்ணிக்கையில் மறுத்தார்கள். பெயரே இல்லாத ஒருவனுக்குச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தால், அவன் அந்திக்கிறிஸ்துவாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம். படை வந்தது. பிடிபடுவதைவிட வெடிமருந்தைக் கொளுத்தி மாள்வது மேல் என்று ஒரு வீட்டுக்குள் தங்களையே வெடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு நடந்ததை இங்கே எழுத மனம் வரவில்லை.

கரிசல்:

த்வெரித்தினோவ் விவகாரம் எனக்குத் தெரியாது. நான் எழுதிய கடைசி வாக்கியம் நிற்காது, சரி. ஆனால் மத விஷயத்தை விட்டுவிட்டால், சாதாரணக் குடியானவனுக்கு வாழ்க்கை முன்பைவிட மோசமானதா? அவன் முன்பும் பண்ணை அடிமைதானே?

செப்புக்காசு:

முன்பும் அடிமைதான், ஆனால் இடுக்குகள் இருந்தன. எந்தப் பிரபுவுக்கும் சேராமல் ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தவர்கள், நிலத்தோடு கட்டப்படாத வீட்டு வேலையாட்கள் என்று பல வகை மனிதர்கள். வீட்டுக்கு வரி என்று இருந்ததை பீட்டர் ஆண் தலைக்கு வரி என்று மாற்றினார், 74 கோபெக். தலை எண்ண வேண்டும், எண்ணிய தலை இடம் மாறக் கூடாது. அந்த இடுக்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பிரபுவின் பெயரில் எழுதப்பட்டார்கள். 1724 ஆணைப்படி குடியானவன் வெளியூர் வேலைக்குப் போகப் பிரபுவின் கைச்சீட்டு வேண்டும், அதை வைத்துக்கொண்டும் 30 வெர்ஸ்ட்டுக்குள்தான் போகலாம். அதற்கு மேல் என்றால் அதிகாரியின் கடவுச்சீட்டு. ஒரு வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 1705 முதல் படைக்கு ஆள் எடுப்பு, எடுத்தால் ஆயுள் முழுக்க. ஊரே கூடிப் பிணத்தை வழியனுப்புவதுபோல அழுது அனுப்பினார்கள். ஆலை முதலாளிகள் முழுக் கிராமத்தையே ஆலைக்காக வாங்கலாம் என்று 1721-ல் அனுமதி.

இதையெல்லாம் குறை சொல்லி வாய் திறந்தால் 'ஜாரின் சொல்லும் செயலும்' என்ற புகார். யார் வேண்டுமானாலும் நடுத்தெருவில் நின்று அந்த வார்த்தைகளைக் கத்தினால் போதும். கத்தியவனையும் அவன் கை காட்டியவனையும் அரசுக்கு எதிரான குற்றங்களை விசாரித்த பிரெயோபிரழென்ஸ்கி அலுவலகத்துக்கு, அதன் தலைவர் ரொமோதானொவ்ஸ்கியிடம் இழுத்துப் போவார்கள். காட்டிக் கொடுத்தவனுக்கே முதல் சவுக்கடி என்று ரஷ்யர்களிடம் ஒரு பழமொழி உண்டு. புகாரை உறுதிப்படுத்த அவனையும் அடித்துத்தான் கேட்பார்கள்.

மழைக்குருவி:

இதெல்லாம் எப்போது நீங்கியது என்றும் சொல்லிவிடுங்கள், குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.

செப்புக்காசு:

ஒவ்வொன்றாகத்தான். 'சொல்லும் செயலும்' புகாரை 1762-ல் மூன்றாம் பீட்டர் தடை செய்தார், அவருக்கு அடுத்து ஆண்ட அரசி கேத்தரின் வந்து இரகசிய விசாரணையை வேறு பெயரில் தொடர்ந்தார். தாடி வரி 1772-ல் போனது. பழைய விசுவாசிகளின் இரட்டை வரி 1782-ல். ஒரு ரஷ்யர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை விட்டு வேறு கிறிஸ்தவப் பிரிவுக்குப் போவது 1905 ஏப்ரல் ஆணைக்குப் பிறகுதான் தண்டனை இல்லாத காரியம் ஆனது. முதுபெரும் தந்தையாக தீகோன் தேர்வானது 1917 நவம்பரில், ஜார் ஆட்சி விழுந்த பிறகு. ஆன்மிக ஒழுங்குமுறைச் சட்டம் அதுவரை நடைமுறையில் இருந்தது.

உங்கள் குறிப்பில் அத்ரியான் படத்தைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பீட்டர் பற்றிய சுருக்கமான புத்தகங்களில் கப்பல் தளம் வரும், அது வராது.